நூங்கார் உடன்பாடு: உரிமையை விட்டு வாங்கியது நியாயமான விலையா?

செல்வம், பெர்த்:
வேறொரு இழையில் ஒருவர், "பூர்வகுடிகளுக்கு அரசு 1.3 பில்லியன் டாலரைச் சும்மா தூக்கிக் கொடுத்திருக்கிறது" என்று எழுதியிருந்தார். இங்கே வீடு வாங்கிக் குடியிருக்கும் நம்மவர்கள் பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். அதனால் தனி இழையாகவே தொடங்குகிறேன்.

இது தானமே அல்ல, கிரயம். மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கில், பெர்த்தையும் சேர்த்து ஏறக்குறைய 2,00,000 சதுர கிலோமீட்டர், பூர்வகுடிகளான நூங்கார் மக்களின் மண். அதன் மேலிருந்த பூர்வீக நில உரிமையை, அதாவது நேட்டிவ் டைட்டிலை, அவர்கள் முழுவதுமாக விட்டுக்கொடுத்தார்கள். அதற்கு ஈடாக 12 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 50 மில்லியன் டாலர் ஒரு அறக்கட்டளை நிதிக்குப் போகும், 3,20,000 ஹெக்டேர் வரை நிலம் கிடைக்கும், ஆறு வட்டாரங்களுக்கு ஆறு நிறுவனங்கள். 2021 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. 2006-இல் ஃபெடரல் நீதிமன்ற நீதிபதி வில்காக்ஸ் பெர்த் பகுதியில் அவர்களுக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். கையில் தீர்ப்பு இருந்தவர்களை இந்த நிலைக்குத் தள்ளியது யார்? என் பார்வையில் இது நெருக்கி வாங்கிய கையெழுத்து.

மீனாட்சி:
செல்வம் அண்ணா, பாதிக் கதையோடு நிறுத்திவிட்டீர்கள். மாநில அரசும் மத்திய அரசும் மேல்முறையீடு போய், 2008-இல் அந்தத் தீர்ப்பு கவிழ்ந்தது. பிரிட்டிஷார் வந்து குடியேறிய 1829-க்குப் பிறகு தலைமுறைக்குத் தலைமுறை வழக்கங்கள் அறுபடாமல் தொடர்ந்தனவா என்பதை வில்காக்ஸ் சரியாக ஆராயவில்லை என்று முழு அமர்வு சொன்னது. திரும்பவும் முதலிலிருந்து வழக்கு நடத்த வேண்டும். சாட்சி சொல்லக்கூடிய பெரியவர்கள் அதுவரை இருப்பார்களா?

சரி, ஜெயித்தார்கள் என்றே வையுங்கள். தனியாருக்கு முழு உரிமையாகக் கொடுத்த நிலத்தில் பூர்வீக உரிமை அழிந்துபோகும் என்பதுதான், பூர்வீக உரிமையை முதலில் ஏற்ற 1992 மாபோ தீர்ப்பிலிருந்து வரும் சட்டம். பெர்த்தில் வீடும் கடையும் சாலையும் போக என்ன மிச்சம்? அரசு நிலத்தில் அங்கங்கே முகாமிடலாம், வேட்டையாடலாம், மூலிகை பறிக்கலாம். அதை விற்கவும் முடியாது, வைத்துக் கடன் வாங்கவும் முடியாது. உடன்பாட்டில் வந்தது அதைவிடப் பல மடங்கு.

செல்வம், பெர்த்:
அந்த 3,20,000-ஐப் பிரித்துப் பார், மீனாட்சி. முழு உரிமையாகக் கிடைப்பது அதிகபட்சம் 20,000 ஹெக்டேர். மீதி ஒதுக்கீட்டு நிலமும் குத்தகை நிலமும்தான்.

"அறுபடாமல் தொடர்ந்ததா" என்கிற கேள்விதான் எனக்கு ஆறவே இல்லை. யோர்ட்டா யோர்ட்டா என்ற பூர்வகுடி மக்களின் வழக்கை எடுத்துக்கொள். 1881-இல் மலோகா என்ற கிறிஸ்தவ மிஷனில் இருந்த அவர்களில் 42 பேர் நியூ சவுத் வேல்ஸ் ஆளுநருக்கு மனு எழுதினார்கள். எங்கள் நிலத்தை அரசும் குடியேறிகளும் எடுத்துக்கொண்டார்கள், வேட்டைக்காட்டில் ஆடு மேய்கிறது, பிழைக்க ஒரு துண்டு நிலமாவது கொடுங்கள் என்று கேட்ட மனு. நூறு ஆண்டுக்கு மேல் கழித்து, 1998-இல் நீதிபதி ஓல்னி அதே மனுவை எடுத்து, பார்த்தீர்களா, அப்போதே இவர்கள் பழைய வாழ்க்கையை இழந்துவிட்டார்கள் என்று அவர்களுக்கு எதிராகவே வைத்தார். வரலாற்றின் அலை உரிமையை அடித்துக்கொண்டு போய்விட்டது என்று எழுதினார். 2002-இல் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான உயர் நீதிமன்றமும் மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது. பறித்தவனிடம் யாரும் ஆதாரம் கேட்கவில்லை, பறிகொடுத்தவன் நிரூபிக்க வேண்டுமாம். இப்படியொரு நீதிமன்றத்துக்குப் பயந்து போட்ட கையெழுத்தை விருப்பத்தோடு போட்டது என்று எப்படிச் சொல்வது?

வடலி, மெல்பர்ன்:
செல்வம் அண்ணை சொல்லுறது எனக்கு நல்லாய் விளங்குது. யாழ்ப்பாணத்தில, வலிகாமம் வடக்கில ஆமி பிடிச்சு வைச்சிருந்த எங்கட காணிக்குள்ள வருசக்கணக்கா கால் வைக்க ஏலாமல் இருந்தனாங்கள். காணி உறுதிப் பத்திரத்தைக் கையில வைச்சிருந்த எங்களுக்கே அந்த நிலை. உறுதியே எழுதாத சனத்திட்டப் போய் ஆதாரம் கேட்டால்?

ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய கேள்வி, ஆர் சம்மதிச்சது எண்டது. உரிமை கோரின எல்லாரும் ஒப்பமிடேல்லை. 2017 பிப்ரவரியில ஃபெடரல் நீதிமன்றம், மனுதாரர் எல்லாரும் ஒப்பமிடாத உடன்பாடுகளைப் பதிய ஏலாது எண்டு சொல்லிச்சுது. வட்டாரத்துக்கு ஒண்டாய் இருந்த ஆறு உடன்பாட்டில நாலு அதில அடிபட்டது. நாடாளுமன்றம் அந்த வருசம் ஜூனிலேயே சட்டத்தை மாத்திப்போட்டுது. வேண்டாம் எண்ட ஆக்களின்ர வாயைச் சட்டம் போட்டு அடைச்சதுதானே?

மீனாட்சி:
வடலி அக்கா, 2015-இல் ஆறு வட்டாரத்திலும் கூட்டம் போட்டு வாக்கெடுத்தார்கள். ஆறிலும் ஆதரவுதான் வென்றது. ஒரே ஒருவர் கையெழுத்துப் போடாவிட்டால் மொத்த சமூகத்தின் முடிவும் நிற்க வேண்டும் என்பதா ஜனநாயகம்? அதே காரணத்தால் நாடு முழுவதும் ஏற்கெனவே பதிவான நூற்றுக்கும் மேற்பட்ட உடன்பாடுகள் ஆட்டம் கண்டன. திருத்தம் வராவிட்டால் நொந்திருப்பது அந்தந்தச் சமூகங்கள்தான்.

வடலி, மெல்பர்ன்:
அந்த நூறுக்குள்ள அதானியின்ர கார்மைக்கேல் நிலக்கரிச் சுரங்க உடன்பாடும் கிடந்தது, தங்கச்சி. திருத்தத்துக்கு அவ்வளவு அவசரம் வந்ததில சுரங்கத்துக்கும் பங்கிருக்கு. பிறகு 2019-இல குயின்ஸ்லாந்து அரசு அந்த இடத்தில 1,385 ஹெக்டேரில பூர்வீக உரிமையையே இல்லாமல் செய்தது. பெரும்பான்மை எண்ட சொல்லை ஆர் ஆருக்காகச் சொல்லினம் எண்டதையும் பாக்கவேணும்.

ராகவன்:
விலை பற்றி ஒன்று. 2019 மார்ச்சில் உயர் நீதிமன்றம் டிம்பர் கிரீக் வழக்கில் முதன்முறையாக இழப்பீட்டுக் கணக்கைத் தீர்த்தது. வடக்குப் பிரதேசத்தில் ஒரு சிற்றூர், அதில் உரிமை பாதிக்கப்பட்ட நிலம் ஒன்றேகால் சதுர கிலோமீட்டர் சொச்சம். மொத்தம் ஏறக்குறைய 2.53 மில்லியன் டாலர், அதில் 1.3 மில்லியன் பண்பாட்டு இழப்புக்கு மட்டும். டிங்கோ என்னும் காட்டுநாய் வடிவ மூதாதை நடந்துபோன புனிதத் தடத்தின் மேல் தண்ணீர்த் தொட்டிகளைக் கட்டியிருந்தார்கள். அந்த வேதனைக்கும் விலை உண்டு என்று நீதிமன்றம் ஏற்றது. நூங்கார் உடன்பாட்டில் இழப்பீடும் அடக்கம், இனி தனியாகக் கேட்க முடியாது. கையெழுத்தானது 2015. சந்தை விலை தெரியும் முன்பே விற்றுவிட்டார்கள் என்றுதான் சொல்வேன்.

மீனாட்சி:
ராகவன் சார், அந்தக் கணக்கைப் பெர்த்துக்கு அப்படியே போட முடியாது. இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்தது 1975-இல். அதற்கு முன்னால் மாநில அரசு கொடுத்த நிலத்துக்கு இந்த வழியில் இழப்பீடே கிடையாது. டிம்பர் கிரீக்கில் நடந்தது 1980 முதல். பெர்த்தும் சுற்றியுள்ள கோதுமை வயல்களும் பெரும்பாலும் 1975-க்கு வெகுமுன்பே கைமாறியவை. சதுர கிலோமீட்டருக்கு இத்தனை என்று பெருக்கினால் கேட்க நன்றாக இருக்கும், கையில் வராது. அதனால்தான் சொல்கிறேன், நீதிமன்றம் எவ்வளவு கொடுத்திருக்கும் என்று தெரிந்தவர்கள்தான் பேசி வாங்கினார்கள். அவர்களை ஏமாளிகள் என்று நாம் சொல்லக் கூடாது.

செல்வம், பெர்த்:
ஏமாளிகள் என்று நான் சொல்லவில்லை. நீ சொன்ன 1975 கோடு என் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. அதிகமாகப் பறிகொடுத்த தெற்கத்தி மக்களுக்குக் குறைவான சட்டப் பாதுகாப்பு, குறைவான பேரம் பேசும் பலம். பேச உட்கார்ந்த மேசையே சரிந்திருந்தது. 12 ஆண்டுத் தவணை 2033 வாக்கில் முடியும். விட்டுக்கொடுத்த உரிமை அன்றைக்குப் பிறந்திருக்கும் நூங்கார் குழந்தைக்கும் சேர்த்துப் போய்விட்டது.

மீனாட்சி:
தவணை முடிந்தாலும் நிதி முடியாது அண்ணா, முதல் பணத்தைத் தொடாமல் வைக்கத்தான் அறக்கட்டளை. நிலமும் இருக்கும். மேசை சரிந்திருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. அதைச் சரிசெய்ய வேண்டுமானால் நிரூபிக்கும் சுமையை அரசின் தலையில் வைக்கும்படி சட்டத்தை மாற்ற வேண்டும். அந்தத் திருத்தத்தை ஆதரிக்கிறீர்களா என்று நம் தொகுதி எம்.பி.யிடம் கேட்டு எழுதப்போகிறேன். நீங்களும் எழுதுங்கள். அது வரும்வரை காத்திரு என்று எழுபது வயது நூங்கார் பாட்டியிடம் சொல்ல எனக்கு மனசு வராது.