அண்ணனோடு முதல் கூட்டத்துக்கு நானும் போகலாமா?

கேள்வி: குடியை விட வேண்டும் என்று அண்ணன் அவராகவே சொல்லிவிட்டார். குடியை விட நினைப்பவர்கள் ஒன்றுகூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்கு நானும் கூடப் போகலாமா? பெயர், முகவரி எல்லாம் கேட்பார்களோ என்றுதான் தயங்குகிறார்.

பதில்: திறந்த கூட்டம் என்றால் நீங்களும் உட்காரலாம். மூடிய கூட்டம் குடியை விட நினைப்பவர்களுக்கு மட்டும். நான் இன்றும் போய்க்கொண்டிருக்கிறேன். பெயர் மட்டும் சொன்னால் போதும், முகவரி வேண்டாம். பேச வராவிட்டால் "இன்று கேட்டுக்கொள்கிறேன்" என்று சொல்லலாம், அடுத்தவர் பேச ஆரம்பித்துவிடுவார். கட்டணமும் கிடையாது. ஒரு குழு ஒத்துவரவில்லையா, வேறு குழு பாருங்கள். தயவுசெய்து அதோடு விட்டுவிடாதீர்கள்.

பதில்: தினமும் நிறையக் குடிப்பவரா? அப்படியானால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம்.

பதில்: குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்றே ஆல்-அனான் என்ற அமைப்பு இருக்கிறது, 1951இல் தொடங்கியது. இணையவழியிலும் கூடுகிறார்கள். அண்ணியிடமும் சொல்லுங்கள்.