கலைச்சொல் தேவை: சம்மர் ஸ்குவாஷ், ஹிக்கமா (வெள்ளிக்கிழமைக்குள்)

ச. ம., கோவை

அன்புள்ள குழுவினருக்கு,

பள்ளித் தோட்டங்களுக்கான கையேடு ஒன்று வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஓர் இயல் முழுக்க இரண்டு பயிர்களின் ஒப்பீடு. ஒன்று சம்மர் ஸ்குவாஷ், விதைத்த ஐம்பதாம் நாள் காய் பறிக்கலாம். மற்றது ஹிக்கமா, ஐந்தாறு மாதம் மண்ணுக்குள் கிடக்கும் கிழங்கு. முதலாவதற்குக் 'கோடைப்பூசணி' என்று போட்டிருக்கிறேன். இரண்டாவதற்கு இடம் காலியாக இருக்கிறது. பிள்ளைகள் வாயில் நுழையும் சொல்லாகத் தாருங்கள்.

வே., திருச்சி

கோடைப்பூசணி வேண்டாம் ஐயா. அந்தப் பெயரைப் பார்த்துச் சித்திரையில் விதைப்பார்கள். வெயில் ஏறினால் இந்தச் செடி ஆண்பூவாகத் தள்ளும், பெண்பூ அருகிவிடும். சமவெளியில் மழை ஓய்ந்தபின் மார்கழி, தையில் விதைப்பதே சரி. 'சம்மர்' என்ற அடை குளிர்நாட்டுக் கணக்கு. தோல் முற்றுமுன் பறித்து அப்போதைக்கப்போது தின்பது சம்மர். தோல் கெட்டித்தபின் பறித்துக் குளிர்காலத்துக்குச் சேமிப்பது விண்டர். நமக்கு உறைபனிக்காலமும் இல்லை, பரணில் சேமிப்பும் இல்லை. பொருளைப் பெயர்க்காமல் சொல்லைப் பெயர்த்தால் இப்படித்தான் வரும்.

'பிஞ்சுப்பூசணி' என்பது என் பரிந்துரை. ஸ்குவாஷ் என்பதே வட அமெரிக்க நாரகான்செட் மொழியின் 'அஸ்குட்டாஸ்குவாஷ்' என்பதிலிருந்து வந்தது. பச்சையாகத் தின்பது என்று பொருள். பிஞ்சு அதற்கு நெருக்கம்.

இரா., மதுரை

பிஞ்சுக்கு வழிமொழிகிறேன். மாவுக்கு வடு, பலாவுக்கு மூசு, எள்ளுக்குக் கவ்வை, வாழைக்குக் கச்சல், தென்னைக்கும் பனைக்கும் குரும்பை என்று பிஞ்சுக்கே பெயர் அடுக்கி வைத்திருக்கும் மொழியில் ஒரு காய்க்குப் பஞ்சமா? 'பூசணிக்கச்சல்' என்றுகூடச் சொல்லிப் பார்க்கலாம்.

ஆனால் பூசணியில் எனக்கு இடறல் இருக்கிறது. சென்னைப் பக்கம் பூசணி என்றால் வெள்ளைப்பூசணி. மஞ்சளாக இருப்பது பரங்கி. கொங்கில் அரசாணி. ஆகவே 'பிஞ்சுப்பறங்கி' என்க. பறங்கியில் வல்லின றகரம்தான். பிறங்கு, பிறங்கல் என்று பெருமையும் திரட்சியும் குறித்த வேரிலிருந்து...

வே., திருச்சி

ஐயா, பிறங்கல் மலை. காய் பறங்கியர் கொண்டுவந்த காய். இதற்கு வேர் தோண்டினால் கடப்பாரைதான் தேயும்.

த., ஓசூர்

வேர் இருக்கட்டும், பரங்கி என்றால் பயிரே மாறிவிடும். நம் பரங்கி குக்குர்பிட்டா மொஸ்கேட்டா இனம். சம்மர் ஸ்குவாஷ் குக்குர்பிட்டா பெப்போ. வளரும் விதமும் வேறு. பரங்கி பந்தல் முழுக்க ஓடும். இது பெரும்பாலும் ஓடாது, குத்தாக நிற்கும். ஓர் அடி நீள, அகல, ஆழக் குழியில் பாதிக்கு மட்கிய எரு, மேலே மண். குழிக்கு மூன்று விதை, ஓர் அங்குல ஆழம். முளைத்தபின் ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளிவிட வேண்டும். செடிக்குச் செடி 75 முதல் 90 செ.மீ. நெருக்கினால் காற்று புகாது, இலையில் மாவு தெளித்ததுபோல் சாம்பல்நோய் வரும். தண்ணீரை வேரில் விடுங்கள், இலையில் வேண்டாம்.

பள்ளி ஆசிரியர்கள் அதிகம் கேட்கப்போவது இது: பிஞ்சு விரல்நீளம் வந்து, நுனி மஞ்சளாகிச் சூம்பி உதிர்வது ஏன்? மகரந்தம் போதவில்லை. பூ காலையில் மட்டுமே விரியும். அப்போதே ஆண்பூவைப் பறித்து, இதழ்களை உரித்து, பெண்பூவின் நடுவில் தடவ வேண்டும். காம்பு நேரே பூவில் முடிந்தால் ஆண். பூவுக்கும் காம்புக்கும் நடுவே குட்டிக்காய் இருந்தால் பெண். முதல் ஒரு வாரம் ஆண்பூ மட்டுமே வந்தால் பதறவேண்டாம். பழ ஈயை இழுக்க மாந்தோப்பில் வைக்கும் மெத்தில் யூஜினால் என்ற கவர்பொருள் பொறி இங்கே எடுபடாது. கியூலூர் என்ற கவர்பொருள் வைத்த பொறி வேண்டும்.

பெயருக்கு வருகிறேன். செடியவரை, கொடியவரை என்று ஏற்கெனவே சொல்கிறோம். அதே அச்சில் 'செடிப்பூசணி'. பாத்தியைப் பார்த்தாலே பொருள் விளங்கும்.

இரா., மதுரை

பெப்போவிலும் கொடியோடும் வகை உண்டே?

த., ஓசூர்

உண்டு, கொஞ்சம். பிஞ்சும் எல்லாப் பூசணிக்கும் உண்டு. 'பிஞ்சுப்பூசணி இரண்டு கிலோ' என்று சந்தையில் கேட்டால் அரசாணிப் பிஞ்சைத்தான் நிறுத்துப் போடுவார்கள்.

ந., சிங்கப்பூர்

ஹிக்கமாவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. இங்கே ரோஜாக் என்ற காய்கனிக் கலவையில் பச்சையாக வெட்டிப் போடுவதும், போப்பியா என்ற மெல்லிய சுருளுக்குள் துருவி வதக்கி வைப்பதும் அதுதான். மலாயில் செங்குவாங். தமிழர் வீடுகளிலும் அதே பெயர். பேசாமல் 'செங்குவாங் கிழங்கு' என்று போடுங்கள்.

வே., திருச்சி

சிங்கப்பூருக்குப் பொருந்தும், தமிழ்நாட்டுப் பிள்ளைக்குச் செங்குவளை என்று காதில் விழும். ஹிக்கமா என்றால் கிரந்தம். ஆய்தம் மொழிமுதலில் வராது என்பதால் 'ஃகிக்கமா'வும் ஆகாது. ஆனால் மூலம் ஸ்பானியம் அல்ல, மெக்சிக்கோவின் நாவாட்ல் மொழி, அதில் 'ஷிக்கமாட்ல்'. அக்காலச் ஸ்பானியத்திலும் ஷகரமே இருந்தது, பிறகுதான் ஹகரம் ஆயிற்று. 1565 முதல் 1815 வரை அக்காபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் ஓடிய கப்பல்களின் வழியே பிலிப்பைன்ஸ் போன பெயர் இன்றும் 'சிங்கமாஸ்'தான். ஆகவே 'சிக்கமா' என்று எழுதினால் கிரந்தமும் வேண்டாம், மூலத்துக்கும் பக்கம்.

இரா., மதுரை

'சிக்கமா சிக்குமா' என்று கேலி செய்வார்கள். தமிழில் சொல் ஆக்க வேண்டிய இடத்தில் ஒலிபெயர்ப்பு எதற்கு? இங்கிலீஷில் யாம் பீன். 'அவரைக்கிழங்கு' என்க.

த., ஓசூர்

அவரைக்கிழங்கு கூடவே கூடாது. ஆளைப் படுக்க வைக்கும் பெயர் அது. குடும்பத்தால் அவரையினம்தான், காயும் அவரைபோல் தொங்கும். ஆனால் விதையிலும் இலையிலும் முற்றிய காயிலும் ரோட்டினோன் நஞ்சு இருக்கிறது. பூச்சியையும் மீனையும் கொல்லும் சரக்கு. உண்ணத்தக்கது தோல் உரித்த கிழங்கு மட்டும். சிறகவரையில் காய், கிழங்கு இரண்டையும் தின்னலாம் என்று படித்த பிள்ளை, இதிலும் காயைப் பறித்துப் பொரியலுக்குக் கொண்டுபோகும். இந்த எச்சரிக்கையைக் கட்டம் கட்டிப் போடுங்கள்.

வளர்ப்பில் இரண்டும் எதிரெதிர். பூசணிக்கு ஒவ்வொரு பெண்பூவும் காய். இதற்குப் பூ வரவரக் கிள்ளவேண்டும், விட்டால் சத்தெல்லாம் காய்க்குப் போய்க் கிழங்கு சிறுக்கும். விதைக்கென்று ஒரு கொடியை மட்டும் விடலாம். பூசணிக்கு எரு கொட்டலாம். இதற்கு யூரியா போட்டால் கொடிதான் பதினைந்து அடி ஓடும். வேர்முடிச்சு தழைச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். பகல் குறுகினால்தான் கிழங்கு திரளும், ஆகவே ஆடி, ஆவணியில் நட்டுத் தை, மாசியில் தோண்டுவது. விதையை ஓர் இரவு ஊறவைத்து, உயர்ந்த பாரில் 20 செ.மீ. இடைவெளியில் ஊன்றவும். காயவிட்டுத் திடீரென்று நீர் பாய்ச்சினால் கிழங்கு வெடிக்கும். காலம் கடந்தால் நார் ஓடும். ஃபிரிட்ஜில் வைக்கவேண்டாம், 10 பாகை செல்சியசுக்குக் கீழே உள்ளே பழுப்பேறிக் குழையும்.

ந., சிங்கப்பூர்

அப்படியானால் 'நீர்க்கிழங்கு'? கடித்தால் வாயெல்லாம் தண்ணீர்.

வே., திருச்சி

தண்ணீர்விட்டான் கிழங்கோடு குழம்பும். நாட்டுமருந்துக் கடையில் போய்க் கேட்பார்கள். வங்காளத்தில் 'சாங்க் ஆலு', சங்குக்கிழங்கு; சரசுவதி பூசைத் தட்டிலும் வைப்பார்கள். தோலை உரித்தால் சங்குபோல் வெள்ளை. இந்தியில் மிஸ்ரிகந்த், கற்கண்டுக் கிழங்கு.

இரா., மதுரை

கற்கண்டு! கண்டு தூய தமிழ். வடமொழிக் கண்டமும் இங்கிலீஷ் கேண்டியும் அதிலிருந்து...

வே., திருச்சி

கண்டம் என்றால் துண்டு, அங்கிருந்து இங்கே வந்தது. அச்சுக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது ஐயா.

ச. ம., கோவை

எண்ணிப் பார்த்தேன். செடிப்பூசணிக்கு மூவர், பிஞ்சுப்பூசணிக்கு ஒருவர், வே. ஐயா தம் பிஞ்சைக் கைவிட்டுவிட்டார். கிழங்குக்குச் 'சங்குக்கிழங்கு' இருவர், சிக்கமா அரைமனதாக ஒருவர், செங்குவாங் ஒருவர். சங்குக்கிழங்கு என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் பிறைக்குறிக்குள் ஹிக்கமா தருகிறேன்.

இரா., மதுரை

சங்குப்பூக்கொடியின் வேர் என்று நினைத்துக்கொள்வார்கள். என் மறுப்பைப் பதிவு செய்க. பறங்கிக்கு றகரம் என்பதையும் சேர்த்து.