கதிர்வீச்சுச் சிகிச்சை முடிந்து ஊர் திரும்பிய பிறகு: தோல், அசதி, கைக் கனம்

கேள்வி: கோட்டையூர் வாசகி

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில் வசிக்கிறேன். வயது ஐம்பத்து நான்கு, சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். வலது மார்பில் இருந்த புற்றுநோய்க் கட்டியை மட்டும் அகற்றி, அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்து, கீமோ முடித்து, கடைசியாக மதுரையில் தங்கி மூன்று வாரத் திட்டப்படி கதிர்வீச்சும் எடுத்துக்கொண்டு, சென்ற வாரம்தான் வீட்டுக்கு வந்தேன்.

சிகிச்சை நடந்தபோது பெரிதாக ஒன்றும் தெரியாத தோல், முடிந்த பிறகுதான் கறுத்து, மார்புக்குக் கீழுள்ள மடிப்பில் ரவிக்கையின் ஓரம் படுகிற இடத்தில் உரிந்து, நீர் கசியத் தொடங்கியிருக்கிறது. எல்லாம் முடிந்தது என்று சொல்லி அனுப்பிய பிறகு புண் ஏன் அதிகமாக வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. வீட்டுப் பெரியவர்கள் சந்தனமும் கஸ்தூரி மஞ்சளும் அரைத்துப் பூசினால் இரண்டு நாளில் ஆறிவிடும் என்கிறார்கள்.

அடுத்தது அசதி. காலையில் வாசலில் சிறிய கோலம் ஒன்றைப் போட்டுவிட்டு இரண்டாம் கட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் உட்கார இடம் தேடுகிறேன். படுத்து எழுந்தாலும் அது போவதில்லை. மூன்றாவது, கை. உறவில் ஒரு கல்யாணத்துக்குச் சீர்க் கொட்டான்கள் (சீர் வைக்கும் பனையோலைக் கூடைகள்) முடைந்து தருவதாக முன்பே சொல்லியிருந்தேன். ஓலையை எடுத்து உட்கார்ந்தால் மாலைக்குள் வலது கை கனத்து, காலையில் தாராளமாக ஏறிய வளையல் கழற்ற வரமாட்டேன் என்கிறது. இவ்வளவுக்கும் மேல், கரண்டு வைத்த (கதிர் பாய்ச்சிய) உடம்பு, பேத்தியைத் தூக்கி மடியில் வைக்காதே என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். இவற்றில் எது தானாகச் சரியாகும், எதற்கு மருத்துவரிடம் ஓட வேண்டும் என்பதை இந்தப் பாதையில் முன்னே போனவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: தேவகோட்டை ஆச்சி

அன்புச் சகோதரிக்கு, கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்குத் தயக்கமே இல்லாத பதில் இருக்கிறது. வெளியே நிற்கும் இயந்திரத்திலிருந்து பாய்ச்சப்படும் கதிர், இயந்திரம் நின்ற கணத்திலேயே நின்றுவிடுகிறது. உங்கள் உடம்பில் அது தங்குவதும் இல்லை, உங்களிடமிருந்து பிறருக்குப் பரவுவதும் இல்லை. பேத்தியைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளுங்கள். உரிந்த இடத்தில் குழந்தை உதைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும், அதுவும் உங்களுக்கு வலிக்கும் என்பதற்காகத்தான்.

தோல் விஷயத்தில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் வழக்கமான போக்குதான். கதிரின் பாதிப்பு தோலின் அடியில் புதிய செல்கள் உருவாகும் அடுக்கில் விழுகிறது. மேலே இருக்கும் பழைய தோல் உதிர்ந்து, அந்தக் குறை வெளியே தெரிவதற்குச் சில வாரங்கள் ஆவதால், சிகிச்சை முடிந்து ஒரு வாரம் இரண்டு வாரத்தில்தான் புண் உச்சத்துக்கு வரும். பிறகு பெரும்பாலோருக்கு நான்கு முதல் ஆறு வாரத்தில் ஆறிவிடும். மருத்துவப் புத்தகங்கள் சிவத்தல் என்று எழுதுவது நம் நிறத்துக்குச் சிவப்பாகத் தெரியாது, கறுப்பாகத்தான் தெரியும். அந்தக் கறுப்பு மங்குவதற்கு மாதக் கணக்கில் ஆகும்.

ஆனால் நீர் கசிவதையும் உங்களுக்குச் சர்க்கரை இருப்பதையும் சேர்த்துப் பார்க்கும்போது, ஆறும் வரை காத்திருக்காமல் நாளைக்கே மதுரைக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். அந்த இடத்துக்கென்று களிம்பும் ஒட்டாத கட்டுத்துணியும் எழுதித் தருவார்கள். சந்தனம், மஞ்சள், பவுடர் எதுவும் அங்கே படக் கூடாது. அரைத்த விழுது காய்ந்து இறுகும்போது அதைக் கழுவி எடுக்கிற முயற்சியிலேயே புதுத் தோலும் சேர்ந்து உரிந்து வந்துவிடும், தவிரவும் அம்மியிலிருந்து வருவது சுத்தமான மருந்தாக இருக்க வழியில்லை. பெரியவர்கள் மனம் வருந்தினால், டாக்டர் தடுத்துவிட்டார் என்று பழியை அங்கே போட்டுவிடுங்கள். நம் வீடுகளில் அது ஒன்றுதான் வாக்குவாதம் இல்லாமல் செல்லுபடியாகும்.

வெதுவெதுப்பான நீரில், வாசனை இல்லாத சோப்பு கொஞ்சம் போட்டு, தேய்க்காமல் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். பல முறை துவைத்து நைந்த நூல் சேலையைக் கிழித்து, துவைத்து வெயிலில் காய வைத்து, மார்பு மடிப்பில் ஒரு மடி கொடுத்து வைத்தால் தோலும் தோலும் உரசாது. வியர்வையில் நனைந்ததும் மாற்றிவிட வேண்டும். உள்ளாடையைச் சில வாரங்களுக்கு மறந்துவிட்டு, கை தளர்ந்த பருத்தி ரவிக்கை போடுங்கள். ஆறிய பிறகும் அந்த இடத்தில் நேர் வெயில் படாமல் ஓராண்டாவது மூடி வைத்திருங்கள், நம் பக்கத்துச் சித்திரை வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

அசதிக்கு என் அனுபவத்தில் இரண்டே செய்திகள். ஒன்று, அது சோம்பேறித்தனம் அல்ல. சில வாரங்களில் குறையும், சிலருக்குச் சில மாதங்கள் நீளும். இரண்டு, முழு ஓய்வு அதைத் தீர்ப்பதில்லை. வெயில் ஏறும் முன்பு பத்து நிமிடம் நடந்து, முடிந்தால் வாரா வாரம் சிறிது கூட்டிக்கொண்டு போனதுதான் எனக்கு உதவியது. அசதிக்கு உடற்பயிற்சியே நன்கு சோதிக்கப்பட்ட வழி என்று மருத்துவர்களும் சொல்கிறார்கள். அடுத்த முறை போகும்போது இரத்த அளவும் தைராய்டும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கழுத்தெலும்பை ஒட்டியும் கதிர் கொடுத்திருந்தால் தைராய்டு குறைவதற்கு வாய்ப்பு உண்டு, அதையும் அசதி என்றே நாம் எண்ணிக்கொண்டிருப்போம். கைக்கு மட்டும் என் ஆலோசனை, கொட்டானை வேறு யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு அந்தக் கையால் எதையும் தூக்காமல் இருப்பதுதான்.

பதில் 2: இயன்முறை மருத்துவர், காரைக்குடி

ஆச்சி இருவருக்கும் வணக்கம். தேவகோட்டை ஆச்சி தோலைப் பற்றி எழுதியதில் சேர்க்க எனக்கு ஒன்றுமில்லை. கையைப் பற்றி மட்டும் மரியாதையுடன் மாறுபடுகிறேன்.

நம் ஊருணிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் தூர்ந்துபோனால் மழைநீர் வழியிலேயே தேங்கி நிற்பதைப் போல, அக்குளில் நிணநீர் முடிச்சுகளை, அதாவது நீங்கள் சொன்ன நெறிக்கட்டிகளை, எடுத்து, அதே பக்கம் கதிரும் பாய்ந்தால், கையிலிருந்து திரும்ப வேண்டிய நிணநீர் போக வழி குறுகி அங்கேயே தங்குகிறது. இது சிகிச்சை முடிந்த சில மாதங்களிலும் வரலாம், பல ஆண்டுகள் கழித்தும் வரலாம். உங்களுக்குத் தெரிகிற கனமும் வளையல் இறுக்கமும் அதன் தொடக்கமாக இருக்க வாய்ப்பிருக்கிறது. இந்த நிலையில் பிடித்தால் கட்டுக்குள் வைப்பது எளிது, தோல் தடித்து இறுகிய பிறகு வந்தால் மாதக் கணக்கில் கட்டுப் போட வேண்டியிருக்கும்.

முதல் வேலையாகத் தையல்காரர் வைத்திருக்கும் அளவு நாடா ஒன்றை எடுத்து, மணிக்கட்டிலிருந்து மேல்நோக்கிப் பத்துப் பத்து சென்டிமீட்டரில் பேனாவால் புள்ளி வைத்து, இரு கைகளையும் அளந்து நாட்குறிப்பில் எழுதுங்கள். நாடா தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. வாரம் ஒரு முறை, ஒரே வேளையில் அளந்தால் போதும். ஏதாவது ஒரு புள்ளியில் மறு கையைவிட 2 சென்டிமீட்டர் கூடியிருந்தால் அதை வீக்கம் என்றே எடுத்துக்கொள்வோம். அழுத்த உறையை, அதாவது கைக்குப் போடும் இறுக்கமான ஸ்லீவை, கடையில் கண்ணளவாக வாங்காதீர்கள். அளவு தவறினால் மேல் ஓரம் கயிறு கட்டியதைப் போல இறுக்கி வீக்கத்தை விரல்களுக்குத் தள்ளிவிடும். உங்கள் தோல் ஆறிய பிறகு, அளந்து எழுதித் தருபவரிடம் வாங்கி, பகலில் போட்டு, இரவில் கழற்றிவிட வேண்டும்.

கையை ஆட்டாமல் வைத்திருப்பது பழைய அறிவுரை. தசை சுருங்கி விரியும் அசைவுதான் நிணநீரை மேலே தள்ளுகிறது. அசைக்காத கையில் நீர் தேங்குவதோடு தோள் மூட்டும் இறுகிவிடும். ஏற்கெனவே கை வீங்கிய பெண்கள் மேற்பார்வையில் சிறிது சிறிதாகப் பளு தூக்கிப் பழகியபோது வீக்கம் கூடவில்லை என்பதையும், திடீரென்று வீக்கம் அதிகரிப்பது குறைந்தது என்பதையும் 2009இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதற்காக நாளைக்கே கிணற்றில் இறைக்கப் போய்விடாதீர்கள். சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மேலே ஏறும் பயிற்சியும், தோளைச் சுழற்றும் பயிற்சியும், உள்ளங்கையைத் திறந்து மூடும் பயிற்சியும் தோல் அனுமதிக்கும் அளவுக்கு இப்போதே தொடங்கலாம். கதிர் பட்ட மார்புத் தசை ஓராண்டு, இரண்டாண்டு கழித்தும் சுருங்கும் இயல்புடையது என்பதால் தோள் பயிற்சியை நன்றாகிவிட்டது என்று நிறுத்திவிட வேண்டாம்.

கொட்டானில் எனக்குப் பயம் முடைவதில் இல்லை, ஓலையில். பனையோலையின் ஓரம் விரலைக் கீறுவதை முடைகிறவர்கள் ஒரு பொருட்டாகவே எண்ணுவதில்லை. நிணநீர் தேங்கிய கையில், அதுவும் சர்க்கரை இருக்கிறவருக்கு, அந்தக் கீறல் வழியாகக் கிருமி புகுந்தால் ஒரே இரவில் கை முழுவதும் பரவலாம். ஆகவே ஓலையை வகிர்ந்து ஈர்க்கு எடுக்கும் வேலையை வேறொருவர் செய்யட்டும். நீங்கள் நனைத்து மெதுவாக்கிய ஓலையில், விரல் நுனிகளுக்கு உறை மாட்டிக்கொண்டு, முழங்கைக்குக் கீழே தலையணை வைத்து, அரை மணிக்கு ஒரு முறை எழுந்து கையை உயர்த்தி அசைத்து, சிறு கொட்டான்களாக முடையலாம். அரிவாள்மணையிலும் இதே கவனம் வேண்டும். கை சூடாகிச் சிவந்தோ கறுத்தோ வலித்து, குளிர்க் காய்ச்சலும் வந்தால், அன்றைக்கே மருத்துவரைப் பார்த்து மருந்து தொடங்க வேண்டும். மறுநாள் வரை பொறுக்கக் கூடாது.

பதில் 3: புதுவயல்காரர்

என் தாயாருக்கு இதே சிகிச்சை நடந்தது. கவனித்துக்கொண்டவன் என்ற முறையில் சில வரிகள். பத்தியம் என்ற பெயரில் முட்டை, மீன், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்தி வெறும் கஞ்சியில் வைத்திருக்கச் சொன்னவர்கள் எங்கள் வளவிலேயே இருந்தார்கள். மருத்துவமனையின் உணவு ஆலோசகர் சொன்னதோ நேர்மாறு: புண் ஆறுவதற்குப் புரதம் வேண்டும், ஆகவே ஒவ்வொரு வேளையும் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். கவுனி அரிசியை இனிப்பாகச் செய்து அன்போடு கொண்டுவருகிறவர்களிடம், சர்க்கரை இருப்பதால் ஒரு கரண்டிக்கு மேல் வேண்டாம் என்று வீட்டில் வேறு யாராவது சொல்வது நல்லது. நோயாளியே ஒவ்வொருவரிடமும் மறுத்துக்கொண்டிருப்பதும் ஓர் அசதிதான்.

இன்னொன்று, ஊர் திரும்பும்போது கதிர்வீச்சுப் பிரிவில் தரும் சுருக்கத் தாளை, அதாவது எந்தப் பக்கம், எந்தெந்தப் பகுதிக்கு, மொத்தம் எத்தனை கிரே (கதிரின் அளவு), எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று எழுதியிருக்கும் தாளை, நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

கோட்டையூர் வாசகி

மூவருக்கும் நன்றி. மதுரைக்குப் பேசினேன், புண்ணின் படத்தை அனுப்பச் சொல்லி, பார்த்துவிட்டு, களிம்பு எழுதித் தந்து, நாளை மறுநாள் நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். அளவு நாடாவும் எடுத்தாயிற்று. முழங்கைக்கு மேலே வித்தியாசம் தெரிகிறது, அதையும் அங்கே காட்டுகிறேன். சுருக்கத் தாள் எதற்கு அவ்வளவு முக்கியம் என்று மட்டும் விளங்கவில்லை. தைத்த இடத்தில் அவ்வப்போது ஊசி குத்துவதுபோலச் சுருக்கென்று வலிப்பதும் பயத்தைத் தருகிறது.

பதில் 4: தேவகோட்டை ஆச்சி

கையைப் பற்றி இயன்முறை மருத்துவர் எழுதியதை ஏற்றுக்கொள்கிறேன். சுருக்கென்று வந்து போகும் குத்தல், அறுத்த நரம்புகள் ஆறும்போது வருவது. எனக்கு ஓராண்டுக்கு மேலும் அவ்வப்போது இருந்தது. விடாமல் ஒரே இடத்தில் கூடிக்கொண்டே போகும் வலி, தொட்டுப் பார்க்கும்போது புதிதாகத் தட்டுப்படும் கட்டி, எலும்பில் நீடிக்கும் வலி ஆகியவைதான் காட்ட வேண்டியவை.

தாள் எதற்கு என்றால், மார்புக்குக் கதிர் கொடுக்கும்போது அதன் பின்னால் இருக்கும் நுரையீரலின் ஒரு சிறு பகுதியும் அதில் மாட்டிக்கொள்கிறது. சிலருக்கு, ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள், சளியில்லாத வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் இலேசான காய்ச்சலும் வரும். எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்ததும், மார்புக்குக் கதிர் எடுத்த கதையை அறியாத மருத்துவர் நிமோனியா என்றோ காசநோய் என்றோ முதலில் எண்ணுவது இயல்பு. கதிர் பட்டதால் வந்த நுரையீரல் அழற்சிக்கு மருத்துவம் வேறு, பெரும்பாலும் ஸ்டீராய்டு. நாமே முதல் வாக்கியமாகச் சொல்லித் தாளை நீட்டினால் அவர் யோசிக்கும் வரிசையே மாறிவிடும். அதைப் போலவே, ஹார்மோன் மாத்திரை தொடங்கியிருந்தால் அதன் பெயரையும் அந்தத் தாளிலேயே எழுதி வையுங்கள். டமாக்சிஃபென் என்றால், மாதவிலக்கு நின்ற பிறகு மீண்டும் உதிரம் பட்டால் உடனே சொல்ல வேண்டும். லெட்ரோசோல் என்றால் மூட்டு வலி வரலாம், எலும்பின் அடர்த்தியையும் பார்க்கச் சொல்வார்கள். எதையும் நாமாக நிறுத்தக் கூடாது.

மேமோகிராம், அதாவது மார்பை எடுக்கும் எக்ஸ்ரே, ஆண்டுக்கு ஒரு முறை. முதலாவதைக் கதிர் முடிந்து குறைந்தது ஆறு மாதம் கழித்துத்தான் எடுப்பார்கள், அதற்கு முன்பு எடுத்தால் வீக்கத்தில் படம் தெளிவாக இராது. தேதியை நாளை மறுநாளே கேட்டு எழுதிக்கொண்டு வந்துவிடுங்கள்.