மறுமொழி: சிப்பிக்குள் சேரும் உலோகம் – ஒரு சொல்லா, இரண்டு சொல்லா?

> பயோஅக்குமுலேஷன், பயோமேக்னிஃபிகேஷன் இரண்டுக்கும் 'உயிர்ப்பெருக்கம்' என்றே போட்டுவிடலாம். இடம் பார்த்து வாசகர் புரிந்துகொள்வார்.

நம் கலைச்சொல் பட்டியலுக்கு இப்படி ஒரே சொல் போதாது. வாசகர் புரிந்துகொள்ள மாட்டார், ஐயா. 'சிப்பியில் காட்மியத்தின் உயிர்ப்பெருக்கம்' என்று படித்தால் சிப்பி குஞ்சு பொரிக்கிறது என்றுதான் எனக்கே தோன்றுகிறது. இனப்பெருக்கம் என்ற சொல் காதில் அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது. 'உருப்பெருக்கம்' என்றாலோ கண்ணாடி வில்லை வந்து நிற்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, இவை இரண்டும் வேறு வேறு நிகழ்வுகள்: முதலாவது, ஓர் உயிரியின் உடலில் ஒரு பொருள் சேர்ந்துகொண்டே போவது; இரண்டாவது, உண்ணப்படும் உயிரைவிட உண்ணும் உயிரில் அதன் செறிவு கூடுவது.

பாறையில் ஒட்டி வாழும் மஸ்ஸல் சிப்பி மணிக்குச் சில லிட்டர் நீரைச் செவுள் வழியே வடிகட்டுகிறது. கரைந்த உலோகம் செவுள் வழியாகவும், பாசியிலும் மண்துகளிலும் ஒட்டியது குடல் வழியாகவும் உள்ளே போகிறது. போன காட்மியத்தை மெட்டலோதயோனின் என்ற புரதம் தன் கந்தகப் பிடிகளால் இறுக்கி வைத்துக்கொள்கிறது. சிப்பி பிழைத்துக்கொள்கிறது, உலோகம்தான் வெளியேறுவதில்லை. விற்பனைக்கு முன் சிப்பிகளை இரண்டு நாள் தூய நீரில் போட்டு வைப்பார்கள். குடலில் உள்ள பாக்டீரியா பெரும்பாலும் கழிந்துவிடும். செரிமானச் சுரப்பியில் உள்ள காட்மியமோ வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும்.

வரத்து மிகுதி, போக்கு குறைவு. ஏரிக்கு இப்படி நேர்ந்தால் தேங்குகிறது என்கிறோம். ஆகவே என் பரிந்துரை 'உடல்தேக்கம்'. இலக்கணப்படி 'உடற்றேக்கம்' என்று புணர்த்த வேண்டும் என இங்குள்ள புலவர்கள் வரிந்துகட்டுவார்கள் என்று தெரியும். அப்படி எழுதினால் உடற்பயிற்சி ஏதோ என்று நினைப்பார்கள்; பிரித்தறியும்படி விட்டுவிடுவோம். இச்சொல் வினையாகவும் வளைகிறது: காட்மியம் தேங்குகிறது, தேங்கிய ஈயம், தேக்கும் உறுப்பு.

> 'நச்சுத்தேக்கம்' என்றால் இன்னும் தெளிவாக இருக்குமே?

தெளிவுதான், ஆனால் பிழை. செம்பும் துத்தநாகமும் உயிருக்கு வேண்டிய தாதுக்கள். ஆய்ஸ்டர் என்ற சிப்பி வகை அவற்றை இரத்த அணுக்களில் நுண்பைகளாகக் கட்டி வைக்கிறது. செம்பு மிகுந்த கழிமுகத்தில் எடுத்த ஆய்ஸ்டரின் ஓட்டைத் திறந்தால், களிம்பேறிய பாத்திரத்தின் உட்புறம் போலச் சதை பச்சையாக இருக்கும். அது உயிரோடுதான் இருக்கிறது. அதன் கருமுட்டைகளை அந்த நீரில் விட்டால் கதை வேறு. ஒன்றிரண்டு நாளில் 'டி' எழுத்து வடிவில் ஓடு கட்ட வேண்டிய இளவுயிரி, லிட்டருக்குச் சில பத்து மைக்ரோகிராம் செம்பு இருந்தாலே கோணலாகிவிடுகிறது. தாய்க்குத் தேக்கம், சேய்க்கு நஞ்சு. இதில் எதைப் பெயருக்குள் நுழைப்பது?

> அப்படியானால் பயோமேக்னிஃபிகேஷனுக்கு?

'படியேற்றம்'. உணவுப் படிநிலை என்று ஏற்கெனவே எழுதுகிறோம். உண்பதைவிட உண்ணும் உயிரில் செறிவு கூடிக்கொண்டே போவதுதான் படியேற்றம். (சம்பள உயர்வு போல ஒலிக்கிறது என்று யாராவது சொல்லப்போகிறீர்கள். ஒலிக்கட்டும்.) பாதரசத்தின் நச்சுச் சேர்மமான மெத்தில் பாதரசம் படியேறும். காட்மியம் சிப்பியில் ஏராளமாகத் தேங்கும், பொதுவாகப் படியேறாது. இதை ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள்! ஜப்பானில் 1956-இல் வெளிப்பட்ட மினமாட்டா என்ற பாதரச நச்சு நோயை விளக்கவும் இரண்டும் வேண்டும். அங்கே ஆலைக் கழிவிலேயே மெத்தில் பாதரசம் இருந்தது. விரிகுடாச் சிப்பிகளில் அது தேங்கியது. மீன்களின் வழியே படியேறவும் செய்தது.

> 'மஸ்ஸல் வாட்ச்' – 'சிப்பிக் காவல்' சரியா?

சரியில்லை. சிப்பியைத் திருடர்களிடமிருந்து காப்பது போல இருக்கிறது. மஸ்ஸல் வாட்ச் என்பது கடல் வேதியியலாளர் எட்வர்ட் கோல்ட்பர்க் 1975-இல் முன்வைத்த கடல் மாசுக் கண்காணிப்புத் திட்டம். அதில் கண்காணிக்கப்படுவது கடல். சிப்பி அதற்கான கருவி. ஓரிடத்திலேயே ஒட்டிக் கிடந்து, வந்ததைத் தேக்கி வைப்பதால்தான் அது கருவியாகிறது. 'சிப்பிவழிக் கண்காணிப்பு' என்பது நீளம்தான், இதைவிட நல்லது தோன்றினால் எழுதுங்கள்.

இன்னொன்று. நம் பட்டியலில் மஸ்ஸலுக்கு நேரே 'மட்டி' என்று இருக்கிறது. மட்டி மணலுக்குள் புதைந்து வாழ்வது. மஸ்ஸலோ நூல்விட்டுப் பாறையைப் பற்றுவது. சொற்கள் மீதான வாக்கெடுப்புக்கு முன் அதைத் திருத்திவிடுங்கள்.