சி-யின் கோப்பு ஃபங்ஷன்களோடு மல்லுக்கட்டிய கதைகள்: உங்கள் அனுபவம் என்ன?

சி மொழியில் கோப்பைத் திறக்க, படிக்க, எழுத, மூட என்று இருக்கிற ஃபங்ஷன்களைப் புத்தகத்தில் நாலு பக்கத்தில் முடித்துவிடுவார்கள். எஃப்ஓபன், எஃப்கெட்ஸ், எஃப்பிரின்ட்எஃப், எஃப்குளோஸ், அவ்வளவுதான். 1979-இல் யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்போடு வந்த காலத்திலிருந்து பெரிதாக மாறவும் இல்லை. ஆனால் அடுத்தவர் எழுதிய பழைய நிரல்களைப் பராமரிக்கிற என் வேலையில் பார்த்த வினோதங்களில் பாதி இந்த நாலு பக்கத்துக்குள் இருந்து வந்தவை. உங்களிடமும் கதை இருக்கும், போடுங்கள். முதல் போணி என்னுடையது.

ஒரு அரிசி ஆலை, வாசலில் எடைமேடை. லாரி ஏறி இறங்கும்போதெல்லாம் வண்டி எண்ணும் எடையும் நேரமும் அன்றைய டெக்ஸ்ட் கோப்பில் ஒரு வரியாகச் சேரும். சாயங்காலம் இன்னொரு புரோகிராம் அதைப் படித்து அறிக்கை அச்சடிக்கும். எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். அந்த அறிக்கையில் கடைசி லாரி எப்போதும் இரண்டு தடவை வரும். கணக்குப் பார்க்கிற பெரியவர் அதற்குப் பழகிப்போய், தாள் கைக்கு வந்ததும் ஸ்கேலை வைத்துக் கடைசி வரியைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு மொத்தத்தைக் கால்குலேட்டரில் போட்டு ஓரத்தில் எழுதிவிடுவார். பழைய கட்டைப் புரட்டினால் தாளுக்குத் தாள் அந்தச் சிவப்புக் கோடு. இதை யாரும் கோளாறு என்றே சொல்லவில்லை. எங்களைக் கூப்பிட்டது வேறு விஷயத்துக்கு: சில நாட்களில் மட்டும் மொத்தத்தில் ஒரு லாரி குறைகிறதாம்.

உள்ளே பார்த்தால், எஃப்ஈஓஎஃப் 'முடிந்தது' என்று சொல்லாதவரை சுற்று என்று ஒரு வைல் லூப். எஃப்ஈஓஎஃப் முன்னால் எட்டிப் பார்த்துச் சொல்கிற ஃபங்ஷன் இல்லை. ஏற்கெனவே நடந்த ஒரு வாசிப்பு கோப்பின் முடிவில் முட்டியதா என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். கடைசி வரியை எஃப்கெட்ஸ் அதன் நியூலைன் வரைக்கும் படித்து நின்றுவிடும், முடிவைத் தொடவே தொடாது. ஆகவே லூப் இன்னொரு சுற்று போகும், அங்கே எஃப்கெட்ஸ் படிக்க எதுவும் இல்லாமல் நல் (NULL, அதாவது 'ஒன்றுமில்லை') திருப்பும், அதை யாரும் வாங்கிப் பார்க்காததால் பஃபரில் (படித்ததை வைக்கிற நினைவக இடத்தில்) கிடக்கிற பழைய வரியே மறுபடி அச்சாகும். சரி, அந்த ஒரு லாரி குறைகிற நாட்கள்? வண்டி எண் தப்பாக விழுந்தால் மேடை ஆபரேட்டர் மாலையில் நோட்பேடில் திறந்து திருத்துவார், அப்போது கோப்பின் கடைசியில் காலியாகத் தெரிகிற வரியையும் சுத்தமாகத் துடைத்துவிடுவார். கடைசி வரிக்கு நியூலைன் இல்லாமல் போனால் அதைப் படிக்கும்போதே எஃப்கெட்ஸ் முடிவில் முட்டிவிடும், லூப் ஒழுங்காக நிற்கும், அறிக்கை சரியாக வரும். பெரியவர் வழக்கம்போல் கடைசி வரியை அடித்துவிடுவார்!

எஃப்ஈஓஎஃப்பைத் தூக்கிவிட்டு 'எஃப்கெட்ஸ் நல் திருப்பாதவரை' என்று மாற்றியதில் இரண்டும் தீர்ந்தது. பெரியவருக்குப் புரியவைக்கத்தான் ரொம்ப நேரம் ஆனது. கோடு போடாத தாளில் கையெழுத்துப் போட அவருக்கு மனசு வரவில்லை.

* * *

சார், அந்தப் பெரியவருக்கு ஒரு வணக்கம். நான் ஒரு பொறியியல் கல்லூரியில் சி லேப் பார்க்கிறேன். எங்கள் பசங்களிடம் எஃப்ஈஓஎஃப் பிரச்சினை வருவதற்கு முன்னாலேயே ஆட்டம் முடிந்துவிடும், ஏனென்றால் கோப்பே திறக்காது.

டாஸ் காலத்து நீலத் திரை கம்பைலர் டர்போ சி இன்னும், டாஸைப் போல நடிக்கிற டாஸ்பாக்ஸ் புண்ணியத்தில் பல லேப்களில் உயிரோடு இருக்கிறது. சி டிரைவ், அதில் டிசி ஃபோல்டர், அதற்குள் பின், அதற்குள் நியூ டாட் டிஎக்ஸ்டி என்று முழுப் பாதையை மேற்கோள் குறிக்குள் எழுதிக் கொடுப்பார்கள். பேக்ஸ்லாஷுக்கு அடுத்து டி வந்தால் டேப், பி வந்தால் பேக்ஸ்பேஸ், என் வந்தால் நியூலைன். அந்தப் பாதையில் மூன்றும் வரிசையாக வந்து உட்கார்ந்திருக்கும், பேக்ஸ்லாஷை இரட்டிப்பாக எழுதவேண்டும் என்று ரெக்கார்ட் நோட்டில் ஒரு வரி இருந்தால் தேவலை. எஃப்ஓபன் நியாயமாக நல் திருப்பும். பையன் அதைக் கண்டுகொள்ளாமல் அந்த நல்லுக்கே எஃப்பிரின்ட்எஃப் செய்வான். லினக்ஸில் என்றால் செக்மென்டேஷன் ஃபால்ட் என்று அங்கேயே விழுந்துவிடும், குறைந்தபட்சம் ஏதோ தப்பு என்றாவது தெரியும். டாஸில் நினைவகத்துக்குக் காவல் கிடையாது, புரோகிராம் பாட்டுக்கு ஓடி முடிந்து, சில சமயம் கடைசியில் 'நல் பாயின்டர் அசைன்மென்ட்' என்று ஒரு வரி காட்டும், அதையும் ஏதோ வாழ்த்துச் செய்தி மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து ரெக்கார்டில் ஒட்டுவார்கள்.

நான் செய்வது ஒன்றுதான். எஃப்ஓபனுக்கு அடுத்த வரியில் நல் சோதனையும் பி-எரரும் (பிழைக்கான காரணத்தை அச்சிடுகிற ஃபங்ஷன்) இல்லாத நிரலுக்கு அவுட்புட் சரியாக வந்தாலும் பாதி மார்க். முதல் வாரம் முணுமுணுப்பார்கள். அப்புறம் 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி' என்று மெஷினே சொல்லும்போது என்னைக் கூப்பிடுவது குறைந்துவிடும். இன்னொரு வேதனை கெட்ஸ், பஃபரின் அளவைப் பார்க்காமலே வரியைப் படித்துக் கொட்டுகிற ஃபங்ஷன். 1988-இல் இணையத்தையே படுக்கவைத்த மோரிஸ் புழு உள்ளே நுழைந்த வழிகளில் ஒன்று, பயனர் விவரம் சொல்கிற ஃபிங்கர் சர்வரில் இருந்த கெட்ஸ் அழைப்பு. 2011 தரத்தில் அந்த ஃபங்ஷனையே மொழியிலிருந்து எடுத்துவிட்டார்கள். எங்கள் லேப் மேனுவலில் மட்டும் அது சௌக்கியமாக இருக்கிறது.

* * *

நம் மொழியில் டேட்டா வைத்திருக்கிறவர்களுக்கு எஃப்கெட்ஸ் தனியாக ஒரு பாடம் நடத்தும். பேருந்து நிறுத்தங்களின் பெயரைப் பலகையில் ஓடவிடுகிற ஒரு சின்னக் கருவி, பெயர்ப் பட்டியல் யூடிஎஃப்-8 (யூனிகோட் எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கிற முறை) கோப்பில், வரிக்கு ஒரு ஊர். ஊர் பெயர்தானே, 32 போதும் என்று பஃபர் வைத்திருந்தார்கள். இங்கிலீஷில் போதும்தான். 'திருச்செந்தூர்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு ஏழு எழுத்து. யூனிகோடில் ஒவ்வொன்றும் மெய்யோ உயிர்மெய்யோ ஆனதால் இரண்டு குறியீடு, மொத்தம் 14. யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட், ஆகமொத்தம் 42. எஃப்கெட்ஸ் 31 பைட் எடுத்துக்கொண்டு, முடிவுக் குறிக்கு ஒன்றை விட்டு நின்றுவிடும். 31-இல் 'திருச்செந்' வரைக்கும் 30, மிச்சம் ஒரு பைட் 'தூ'வில் இருக்கிற தகரத்தின் தலை. ஆகவே பலகையில் 'திருச்செந்' என்று ஓடி ஒரு கறுப்புக் கட்டம், அடுத்த நிறுத்தம் என்று இன்னும் இரண்டு கட்டம், பிறகு அந்தரத்தில் தொங்குகிற நெடிலோடு ஒரு 'ர்'. ஃபான்ட் சரியில்லை என்று ஃபான்டை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஃபான்ட் பாவம், அதற்கென்ன தெரியும்.

படித்த துண்டின் கடைசியில் நியூலைன் இருக்கிறதா என்று பார்த்தாலே வரி முழுசாக வந்ததா பாதியில் நின்றதா என்று தெரிந்துவிடும். லினக்ஸ் மட்டும் போதும் என்றால் கெட்லைன், அது தேவையான அளவுக்குத் தானே பஃபரை வளர்த்துக்கொள்ளும். கூடவே ஒன்று: நோட்பேடில் பிஓஎம் வைத்துச் சேமித்த கோப்பு என்றால் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் இருக்கும், பட்டியலின் முதல் ஊர் மட்டும் தேடினால் கிடைக்காது.

* * *

பைட்டுகளை மாற்றாமல் அப்படியே படிக்கிற பைனரி மோடில் திறக்காமல் விட்ட கதை ஒன்று. விண்டோஸில் படங்களை நகலெடுக்கிற ஒரு டூல், பிஎன்ஜி படம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் நகல் சரியாக 6 பைட் வருகிறது என்று ஒரு ஜூனியர் தம்பி கொண்டுவந்தான். ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் வியப்பும் ஒன்றாக வந்தது.

பிஎன்ஜி கோப்பின் முதல் எட்டு பைட் எப்போதும் 137, 80, 78, 71, 13, 10, 26, 10. டெக்ஸ்ட் மோடில் படித்தால் விண்டோஸ் லைப்ரரி 13, 10 ஜோடியை ஒரே 10 ஆக்கிவிடும். அடுத்து வருகிற 26 என்பது கன்ட்ரோல்-இசட், சிபி/எம் என்ற பழைய இயங்குதளக் காலத்துப் பழக்கத்தில் அது 'கோப்பு முடிந்தது' என்று அர்த்தம். ஆக, கையில் கிடைத்தது ஐந்து பைட். டெக்ஸ்ட் மோடில் திரும்ப எழுதும்போது 10 மறுபடி 13, 10 ஆகிறது, ஆறு. அழகு என்னவென்றால், பிஎன்ஜியை வடிவமைத்தவர்கள் அந்த எண்களை வேண்டுமென்றேதான் அங்கே வைத்தார்கள், யாராவது வரி முடிவுகளை மாற்றிக் கெடுத்தால் முதல் எட்டு பைட்டிலேயே பிடிபடட்டும் என்று. எஃப்ஓபனில் ஆர், டபிள்யூ இரண்டுக்கும் பக்கத்தில் ஒரு பி சேர்த்தோம், முடிந்தது.

* * *

சின்னது ஒன்று. ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கிற எஃப்கெட்சி (fgetc) திருப்புவது இன்ட் (int), அதை ஒரே பைட் கொள்கிற கேர் (char) மாறியில் வாங்கியிருந்த ஒரு நிரல் இன்டெல் மெஷினில் வருஷக்கணக்காக ஓடியது, ராஸ்பெர்ரி பையில் போட்டதும் நிற்கவே இல்லை. ஏஆர்எம் லினக்ஸில் கேர் குறியில்லாத வகை, கோப்பு முடிந்ததைச் சொல்கிற ஈஓஎஃப் என்ற -1 அதில் 255 ஆகிவிடும், ஈஓஎஃப்போடு ஒருநாளும் ஒத்துப்போகாது.

* * *

மேலே எல்லோரும் படிப்பதைப் பற்றியே சொல்கிறீர்கள். எழுதுவதுதான் அதைவிட மோசம் என்பேன்.

ஒரு மருந்துக்கடை பில்லிங். கடைசி பில் எண்ணை ஒரு குட்டிக் கோப்பில் வைத்திருப்பார்கள், ஒவ்வொரு பில்லுக்கும் டபிள்யூ மோடில் திறந்து புது எண்ணை எழுதுவார்கள். டபிள்யூ மோடு திறந்த அந்தக் கணமே கோப்பைக் காலி செய்துவிடும், எழுதுவது அப்புறம்தான், அதுவும் முதலில் பஃபருக்கு. அந்த இடைவெளியில் கரன்ட் போனது. இன்வெர்ட்டரில் பேட்டரி எப்போதோ படுத்துவிட்டது. கரன்ட் வந்து கடையைத் திறந்து முதல் பில் போட்டால் எண் 1. எஃப்ஸ்கேன்எஃப் காலிக் கோப்பைப் படிக்கப் போய் 'எனக்கு எதுவும் கிடைக்கவில்லை' என்று ஈஓஎஃப் திருப்பியிருக்கிறது, அதைக் கேட்க ஆளில்லை, மாறியில் தொடக்கத்தில் போட்ட பூஜ்யம் அப்படியே இருந்தது, கூட்டல் ஒன்று. ஒரே நிதியாண்டில் ஒரே எண்ணில் இரண்டு பில், ஆடிட்டர் வந்து கேட்கிறவரைக்கும் யாருக்கும் தெரியாது.

எஃப்குளோஸும் பதில் சொல்கிற ஃபங்ஷன்தான். டிஸ்க் நிறைந்திருந்தாலும் எஃப்பிரின்ட்எஃப் பெரும்பாலும் வெற்றி என்றே சொல்லும், ஏனென்றால் அது பஃபரில் போட்டதோடு சரி. உண்மை வெளிவருவது, பஃபரைக் காலிசெய்து வெளியே தள்ளுகிற எஃப்ஃபிளஷிலோ எஃப்குளோஸிலோதான். சந்தேகம் இருப்பவர்கள் லினக்ஸில் 'டெவ்' ஃபோல்டரில் இருக்கிற 'ஃபுல்' என்ற போலிக் கோப்பில் எழுதிப் பாருங்கள், எப்போதும் நிறைந்த டிஸ்க் போல நடிக்கும். உங்கள் புரோகிராம் 'சேமித்தாயிற்று' என்று சொன்னால் அது பொய் சொல்கிறது.

பில் எண்ணுக்கு நாங்கள் செய்தது: பக்கத்திலேயே ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதி, எஃப்ஃபிளஷ், எஃப்சிங்க் (டிஸ்க் வரைக்கும் போய்ச் சேரவைப்பது), எஃப்குளோஸ் மூன்றின் பதிலையும் பார்த்து, எல்லாம் சரியென்றால் மட்டும் அசல் பெயருக்கு ரீநேம். பழைய எண்ணாவது இருக்கும், இல்லை புது எண் இருக்கும், காலியாக இருக்காது.

* * *

அண்ணா, அந்தக் கடைசி ரீநேம் விண்டோஸில் எனக்கு வேலை செய்யவில்லையே? லினக்ஸில் ஓடுகிற அதே கோட்தான்.

* * *

செய்யாது தம்பி. போசிக்ஸில் (லினக்ஸ் மாதிரி யூனிக்ஸ் வகைகளுக்கான பொதுத் தரம்) ரீநேம் ஏற்கெனவே இருக்கிற கோப்பின் மேலேயே ஒரே வீச்சில் மாற்றி வைத்துவிடும். விண்டோஸ் லைப்ரரியில் அந்தப் பெயரில் கோப்பு இருந்தால் முடியாது என்று பூஜ்யமல்லாத எண்ணைத் திருப்பும். அதற்காகப் பழையதை ரிமூவ் செய்துவிட்டு ரீநேம் செய்கிற கோட் நிறையப் பார்த்திருக்கிறேன், இரண்டுக்கும் நடுவில் கரன்ட் போனால் அந்தப் பெயரில் கோப்பே இருக்காது. விண்டோஸின் சொந்த மூவ்ஃபைல்எக்ஸில் 'இருப்பதை மாற்று' என்கிற ஃபிளாகைப் போட்டுக் கூப்பிடுங்கள். ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் அது கிடையாது, விண்டோஸுக்கு மட்டும் தனியாக ஒரு இஃப்டெஃப் (அந்தத் தளத்தில் மட்டும் கம்பைல் ஆகிற பகுதி) வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அப்புறம், தற்காலிகக் கோப்பை டெம்ப் ஃபோல்டரில் வைக்காமல் அசல் கோப்பு இருக்கிற ஃபோல்டரிலேயே வையுங்கள். வேறு டிஸ்க் என்றால் லினக்ஸிலும் ரீநேம் கைவிரித்துவிடும்.