செர்ரி இறால்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன, உடல்கூடக் கிடைக்கவில்லை. உதவுங்கள்

கண்மாய்க்கரை:
வணக்கம். மதுரையில் இருக்கிறேன். தை மாதத் தொடக்கத்தில் சென்னை கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் 30 செர்ரி இறால்கள் (அழகுக்காக வளர்க்கும் சிவப்பு நிறக் குட்டி இறால்கள்) வாங்கி இரண்டடித் தொட்டியில் விட்டேன். நேற்று இரவு எண்ணியபோது 11தான் தேறின. என் மகளும் தனியாக எண்ணினாள். அவளுக்கும் 11தான் வந்தது.

செத்திருந்தால் உடல் கிடக்க வேண்டும் அல்லவா? ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. தொட்டியில் மீன்களே இல்லை, நாலைந்து நத்தைகள் மட்டும்தான். மாசியில் இரண்டு பெண் இறால்கள் முட்டை சுமந்தன. குஞ்சுகளை இரண்டு நாள் பார்த்தோம். மூன்றாம் நாளில் இருந்து ஒன்றையும் காணோம்.

தண்ணீர் விவரம்: அம்மோனியா 0, நைட்ரைட் 0, டிடிஎஸ் (நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) 210, வெப்பம் 28 டிகிரி. ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஓடுகிறது. ஜாவா மாஸ் என்ற பாசியும் ஒரு கட்டுப் பாசிக்கொடியும் இருக்கின்றன. மகள் தினமும் பள்ளி விட்டு வந்ததும் தொட்டி முன்னால்தான் உட்காருகிறாள். அவளுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நீர்ப்பூ:
பதறாதீர்கள் அக்கா. சட்டை உரித்த இறால் இரண்டு மூன்று நாள் பாசிக்குள் ஒளிந்துகொள்ளும், ஏனென்றால் புது ஓடு இறுகும் வரை அதன் உடல் மெத்தென்று இருக்கும். என் தொட்டியிலும் பாதி இறால்கள் காணாமல் போய்த் திரும்பி வந்திருக்கின்றன. மாஸை மெதுவாக அசைத்துப் பாருங்கள்.

கண்மாய்க்கரை:
மாஸை எடுத்து ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் போட்டே பார்த்துவிட்டேன். இரண்டு இறால்கள் இருந்தன. அவற்றையும் சேர்த்துத்தான் 11.

மாடித்தொட்டி:
மூடி இருக்கிறதா? தண்ணீர் பிடிக்காவிட்டால் இறால் வெளியே ஏறி விழுந்துவிடும். தொட்டிக்குப் பின்னால், மேசைக்கு அடியில் தேடுங்கள். காய்ந்து ஆரஞ்சு நிறமாகச் சுருண்டு கிடக்கும், பல வீடுகளில் எறும்பு இழுத்துக்கொண்டு போய்விடும்.

கண்மாய்க்கரை:
வெயில் ஏறியதால் இரண்டு வாரமாக மூடியை எடுத்துவிட்டுச் சின்ன மின்விசிறி வைத்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன்பே குறைய ஆரம்பித்துவிட்டது. மேசையை நகர்த்திப் பார்த்தேன், இறால் இல்லை. ஏர் டியூபில், தண்ணீருக்கு மேலே, கரப்பான் பூச்சி தோலுரித்தது போல ஒரு பழுப்புக் கூடு ஒட்டியிருந்தது. துடைத்து எறிந்துவிட்டேன்.

கோவை இறால்:
சகோதரி, அந்தக் கூட்டைப் பற்றிச் சொல்லுங்கள். முதுகில் நீளமாகப் பிளந்திருந்ததா? ஆறு கால்களும் டியூபைப் பற்றியபடியே இருந்தனவா? இன்னொன்று, பாசிக்கொடி எங்கிருந்து வந்தது?

கண்மாய்க்கரை:
ஆமாம் ஐயா, முதுகில் பிளந்திருந்தது. உள்ளே வெள்ளை நூல் போல ஏதோ தொங்கியது. கொடி கடையில் வாங்கியதில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது கண்மாய் நிறைந்து கிடந்தது. கரையோரம் இருந்த ஹைட்ரில்லாவை அலசி எடுத்து வந்தேன். மூன்று தண்ணீரில் நன்றாகக் கழுவித்தான் போட்டேன்.

கோவை இறால்:
அப்படியானால் உங்கள் தொட்டியில் தட்டான் புழு இருக்கிறது. ஒன்று ஏற்கெனவே வளர்ந்து, இரவில் டியூபில் ஏறி, கூட்டைக் கிழித்துக்கொண்டு பறந்துவிட்டது. நீங்கள் துடைத்து எறிந்தது அதன் கூடுதான்.

கழுவியும் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். ஊசித்தட்டான்களும் சில பெரிய தட்டான்களும் செடியின் தண்டைக் கீறி அதற்குள் முட்டை வைக்கும். எத்தனை தண்ணீரில் அலசினாலும் அது வெளியே வராது. முட்டையில் இருந்து வரும் புழு முதலில் கண்ணுக்கே தெரியாது. கொஞ்சம் வளர்ந்ததும் அது உங்கள் இறால் குஞ்சுகளைத் தின்றிருக்கும். உடல் பெரிதாகப் பெரிதாகப் பெரிய இறாலைப் பிடிக்கும். குஞ்சுகள் முதலில் மறைந்து, பிறகு பெரியவை குறைந்ததற்குக் காரணம் அதுதான்.

அது துரத்தி வேட்டையாடாது. தண்டோடு தண்டாக அசையாமல் கிடக்கும். கீழ் உதடு மடங்கிய கை போல முகத்துக்கு அடியில் இருக்கும். இறால் அருகில் வந்ததும் அந்த உதடு கண் இமைக்கும் நேரத்தில் நீண்டு பிடித்து இழுத்துவிடும். பிறகு மென்று தின்னும். மிச்சம் மீதியை நத்தைகளும் மற்ற இறால்களும் முடித்துவிடும். தானாகச் செத்த இறாலைக்கூட அவை ஒரே நாளில் தின்றுவிடும். அதனால் உடல் கிடைக்காதது மட்டும் ஆதாரம் ஆகாது, உங்கள் விஷயத்தில் கூடும் கண்மாய்க் கொடியும் சேர்ந்து சொல்கின்றன.

செய்ய வேண்டியது: விளக்கை அணைத்து இரண்டு மணி நேரம் கழித்து டார்ச்சோடு உட்காருங்கள். கொடியின் தண்டுகளையும் ஃபில்டரின் பின்புறத்தையும் பாருங்கள். வாலில் இலை போல மூன்று இதழ்கள் இருந்தால் ஊசித்தட்டான். இல்லாமல் குண்டாக இருந்தால் பெரிய தட்டான், பின்புறமாகத் தண்ணீரைப் பீய்ச்சிச் சட்டென்று தாவும். கொடி முழுவதையும் வெளியே எடுத்துவிடுங்கள்.

மாடித்தொட்டி:
பூச்சி மருந்து இரண்டு சொட்டு விட்டால் போதாதா?

கோவை இறால்:
தயவுசெய்து வேண்டாம். பூச்சியும் இறாலும் கணுக்காலிகள். புழுவைக் கொல்லும் மருந்து இறாலையும் கொன்றுவிடும். செம்பு கலந்த மருந்துகளும் அப்படித்தான். புழுவைத் தின்ன மீன் விடலாம் என்று சிலர் சொல்வார்கள், அந்த அளவு வாய் உள்ள மீன் இறாலையும் விடாது. கையால் பிடிப்பது ஒன்றே வழி.

கண்மாய்க்கரை:
பிடித்துவிட்டேன் ஐயா! நேற்று இரவு பதினொன்றரை மணிக்கு டார்ச் அடித்தேன். இறால்கள் எல்லாம் ஃபில்டர் மேலும் கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டிருந்தன. கொடிப் பக்கம் ஒன்றுகூடப் போகவில்லை. இதை நான் பல நாளாகப் பார்த்தும் யோசிக்காமல் இருந்திருக்கிறேன்.

முதலில் எதுவும் தெரியவில்லை. ஒரு கணு மட்டும் மற்றவற்றைவிடத் தடித்திருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். சேற்று நிறம், சுண்டுவிரல் நகத்தைப் போல இரண்டு மடங்கு நீளம், தலையின் இருபுறமும் பெரிய கண்கள், முதுகில் சிறகு முளைக்கத் தொடங்கிய மடிப்புகள். அதன் முகத்தில் சிவப்பாக ஒரு துண்டு ஓடு இருந்தது. இறாலின் மீசை இன்னும் அதில் ஒட்டியிருந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

தேநீர் வடிகட்டியால் கொடியோடு சேர்த்துத் தூக்கினேன். கொடியை வாளியில் உதறியபோது இன்னும் இரண்டு விழுந்தன, அவை சின்னவை. மகள் இந்தத் தொட்டியில் கை விட்டிருக்கிறாள், அது கடிக்குமா? இவற்றை என்ன செய்வது? கொல்லக் கூடாது என்கிறாள்.

கோவை இறால்:
கடித்தாலும் சுருக்கென்று இருக்கும், விஷம் கிடையாது. குழந்தை சொல்வது சரி. கொசுப் புழுவை அது விரும்பித் தின்னும். மாடியில் தாமரைத் தொட்டி இருந்தால் அதில் விடுங்கள், ஒரு குச்சியை நட்டுவையுங்கள், ஏறிப் பறப்பதற்கு. தொட்டித் தண்ணீரையோ கொடியையோ மட்டும் கண்மாயில் கொட்டாதீர்கள். வாங்கிய நத்தையும் இறாலும் அங்கே போய்ச் சேரக் கூடாது.

இரண்டு வாரம் தினமும் இரவில் பாருங்கள். மாஸில் ஒன்றிரண்டு ஒளிந்திருக்கலாம்.

நீர்ப்பூ:
நான் சட்டை உரிப்பு என்று சொல்லி உங்களைத் தாமதப்படுத்திவிட்டேன் அக்கா, மன்னியுங்கள். அடுத்தவர்களுக்காக ஒன்று: உரித்த சட்டை கண்ணாடி போல நிறமற்று, மீசை, கால் எல்லாவற்றோடும் முழுதாக இருக்கும். செத்த இறால் வேகவைத்தது போல வெளுத்துச் சிவக்கும். துண்டு துண்டாகக் கிடந்தால் யாரோ தின்றிருக்கிறார்கள்.

கண்மாய்க்கரை:
மன்னிப்பெல்லாம் எதற்கு, முதலில் பதில் சொன்னதே நீங்கள்தான்.

பன்னிரண்டு நாட்கள் ஆகின்றன. நான்காம் நாள் மாஸில் இன்னொரு புழு சிக்கியது, அதன்பின் இல்லை. இன்று காலை எண்ணியதில் 10. கடைசியாகப் போனது அந்த இரவு நான் பார்த்ததுதான். இறால்கள் மணலுக்கு இறங்கி வந்துவிட்டன. ஒரு பெண் இறால் வயிற்றடியில் இளமஞ்சள் முட்டைகளோடு இருக்கிறது. மகள் காலண்டரில் நாள் குறித்து வைத்திருக்கிறாள்.

கொடி இன்னும் வாளியில்தான் இருக்கிறது. எப்போது திரும்பப் போடலாம்?

கோவை இறால்:
என்னைக் கேட்டால் அந்தக் கொடியைத் திரும்பப் போட வேண்டாம். தூக்கி எறிய மனமில்லை என்றால் வாளிக்குக் கொசுவலை கட்டி ஆறு வாரம் வையுங்கள். வலை இல்லாவிட்டால் அந்த வாளியிலேயே புதுத் தட்டான் வந்து முட்டை வைத்துவிடும்.

கண்மாய்க்கரை:
வலை கட்டிவிட்டேன்.