ஆல்கலிக்கு ‘எரிகாரம்’ வேண்டாம், ‘கரைகாரம்’ என்போம்

வணக்கம்.

பேஸ் (base, அமிலத்தை நடுநிலையாக்கும் பொருள்), ஆல்கலி (alkali, நீரில் கரையும் பேஸ்) இரண்டையுமே தமிழில் ‘காரம்’ என்று சொல்லிவிட்டால் போதாதா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. காப்பர் ஆக்சைடை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்புப் பொடி, நீரில் கரையாது, ஆல்கலியைப் போலச் சிவப்பு லிட்மஸ் தாளை நீலமாக்காது. அதையே சூடான நீர்த்த கந்தக அமிலத்தில் போட்டுக் கலக்கினால் பொடி மறைந்து நீலக் கரைசல் கிடைக்கிறது. காப்பர் சல்பேட் என்ற உப்பும் நீரும் உண்டாகியிருக்கின்றன. அமிலத்தை நடுநிலையாக்கியதால் அது பேஸ். நீரில் கரைந்து ஹைட்ராக்சைடு அயனிகளைத் தராததால் அது ஆல்கலி அல்ல. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இதை மாணவருக்கு எப்படி விளக்குவது?

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பேஸ் காரம், ஆல்கலி எரிகாரம். பிரித்தது சரி. ‘எரி’ என்ற அடைதான் இடறுகிறது. அது தோலை அரிக்கும் குணத்தைச் சொல்கிறது. சோடியம் ஹைட்ராக்சைடுக்கு நன்றாகவே பொருந்தும். ஆனால் நீர்த்த அம்மோனியாக் கரைசலும் ஆல்கலிதான், அதுவோ வலிமை குறைந்தது. ‘எரி’ என்று கேட்ட மாணவர் ஆல்கலி எல்லாமே வலிமையானவை என்றுதான் நினைப்பார். போதாக்குறைக்கு, அடர் கந்தக அமிலமும் தோலை எரிக்கும்! வரையறை கரைவதைப் பற்றிப் பேசும்போது பெயர் எரிவதைப் பற்றிப் பேசக் கூடாது.

அதனால்தான் ‘கரைகாரம்’ என்கிறேன். சுடுநீர் போல வினைத்தொகை. கரைந்த, கரைகின்ற, கரையும் காரம். வரையறை பெயருக்குள்ளேயே இருக்கிறது. ‘கரைகாரம் எல்லாம் காரம், காரம் எல்லாம் கரைகாரம் அல்ல’ என்பதை மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

இலங்கைப் பாடநூல்களைப் பின்பற்றி பேஸை ‘மூலம்’ என்றும் ஆல்கலியைக் ‘காரம்’ என்றும் வைக்கலாம் என்றவருக்கு: அங்கே அது ஊன்றிவிட்ட வழக்கு, குழப்பமில்லாத பிரிவும்கூட. ஆனால் இங்கே ‘காரம்’ பேஸுக்கு நிலைத்துவிட்டது. இனி அதன் பொருளை மாற்றினால் பழைய நூலையும் புதிய நூலையும் சேர்த்துப் படிப்பவர் திண்டாடிப் போவார்.

கால்சியம் ஹைட்ராக்சைடு பற்றிய கேள்வி நியாயமானது. அறை வெப்பநிலையில் லிட்டர் நீரில் 2 கிராம்கூடக் கரையாததைக் கரைகாரம் என்னலாமா? என்னலாம். கரைந்த அந்தச் சிறு அளவே லிட்மஸை நீலமாக்கப் போதும்.

சரி, ‘கரைகாரக் கரைசல்’ வாயில் சிக்குகிறதே என்கிறீர்கள். அங்கே அந்தச் சொல் தேவையில்லை. நீர்க்கரைசல் என்று வந்துவிட்டாலே காரம் கரைந்துதான் இருக்கிறது, ‘காரக் கரைசல்’ போதும். பொருளைப் பெயரிட்டுப் பிரிக்கும் இடத்தில் மட்டும் கரைகாரம். அப்புறம் சோடியம், பொட்டாசியம் போன்றவற்றைக் குறிக்கும் ‘கார உலோகம்’ (alkali metal) அப்படியே இருக்கட்டும். அவற்றின் ஹைட்ராக்சைடுகள் காரங்களும்தானே.